இன்றைக்குப் பெயர் மட்டும்

கேட் இன்னும் திறக்கவில்லை. திறக்கும். திறக்காமல் எங்கே போய்விடும். பதினோரு வருஷமாக இந்த ஒரு கேட்டுக்காக நான் எழுதிய கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கேட்டை விட உயரமாக நிற்கும், நேற்று மாலை நாலரை மணிக்குத் தலைநகரத்தில் துணை அமைச்சர் என் கண்முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், பேனா மக்கர் பண்ணியது, உதறினார், மறுபடி உதறினார், மேசைமேல் இரண்டு சொட்டு மை தெறித்தது, என் கைப்பையில் நல்ல பேனா இரண்டு இருந்தும் நான் எடுத்து நீட்டவில்லை, அவர் மையில் அவரே போடட்டும், நாளைக்கு அந்தப் பொம்பளை பேனாவைத் திணித்துக் கையெழுத்து வாங்கிவிட்டாள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. போட்டார். ஐம்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் போன கேஸ், சர்க்கரை வேறு, ஜெனீவாவில் தலைமை அலுவலகத்தில் சட்டப் பிரிவின் மூத்த ஆலோசகர் என்று கதவில் பலகை, அப்படிப்பட்டவள் ஓட்டல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன். கீழ் அறைக்காரர் என்ன நினைத்தாரோ. யாரிடமும் சொல்லவும் முடியாது, போரில் பிடிபட்டவர்களைப் போய்ப் பார்க்கிற எங்கள் அமைப்பின் முதல் விதியே வாயைத் திறக்காதே என்பதுதான், உள்ளே பார்த்ததை வெளியே சொல்லமாட்டோம் என்கிற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு அரசாங்கமும் எங்களுக்குக் கதவைத் திறக்கிறது, ஆகவே ஜெயித்தாலும் சத்தம் போடாமல்தான் ஜெயிக்க வேண்டும்.

இது என்ன மாதிரி வேலை என்று என் தங்கை அமலிக்கு இன்னும் பிடிபடவில்லை. காரைக்காலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவாள். "ஏன்க்கா, முப்பது வருசமா வக்கீலு வக்கீலுங்கற, ஒரு கேசாச்சும் ஜெயிச்சிருக்கியா?" இல்லை அமலி. கோர்ட்டுப் படியே ஏறியதில்லை. சட்டக் கல்லூரி முடித்தபோது தைத்த கறுப்புக் கோட்டு பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடக்கிறது. நான் செய்வதெல்லாம், துப்பாக்கி வைத்திருக்கிறவனிடம் துப்பாக்கி இல்லாமல் போய், ஐயா நீங்கள் பிடித்து வைத்திருக்கிற ஆட்களை நாங்கள் ஒருதரம் பார்க்க வேண்டும், போர்க்காலச் சட்டம் அப்படிச் சொல்கிறது, உங்கள் அரசாங்கம் ஒப்புக்கொண்ட சட்டம்தான், என்று கோபப்படாமல் சொல்வது. கோபப்படாமல் என்பதைக் கற்றுக்கொள்ளவே முப்பது வருஷம் போயிற்று. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எவர் என்ன பேசினாலும் என் மண்டைக்குள் அது காரைக்கால் தமிழாகத்தான் வந்து விழும், பெரிய பெரிய ஜெனரல்கள் எல்லாம் எனக்குள் மீன் ஏலம் விடுகிற குரலில் பேசுவார்கள், அதனாலேயே எனக்கு யாரைக் கண்டும் பயம் வந்ததில்லை. பொய். பயம் உண்டு, இப்போதுகூட உண்டு, ஆனால் அது ஆட்களைக் கண்டு வருகிற பயம் இல்லை. இந்த கேட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு பழைய அரசாங்க விதைப் பண்ணை. பதினோரு வருஷமாக நாங்கள் கேட்கிறோம், பதினோரு வருஷமாக அவர்கள் சொல்கிறார்கள், விதைப் பண்ணையில் விதைதான் இருக்கிறது. எங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்து என் மகன், என் அண்ணன், என் புருஷன் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. நேற்று ஒப்பந்தத்தோடு அவர்கள் தந்த பட்டியலில் அறுபத்து நான்கு பெயர். மிச்சப் பேர் எங்கே என்று நேற்று நான் கேட்கவில்லை. முதலில் கேட் திறக்கட்டும் என்று நினைத்தேன்.

வண்டிக்குள் அடுப்படி மாதிரி வெக்கை, என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று காவல்காரன் சொல்லிவிட்டான், முன் சீட்டில் இங்கெர், எங்கள் குழுத் தலைவி, நார்வேக்காரி, முப்பத்தெட்டு வயசு, முதுகு வளைத்து நான் பார்த்ததில்லை, பக்கத்தில் டிரைவர், பின்னால் எனக்கு அருகில் தாவூத், மொழிபெயர்ப்பாளர். இந்த ஊர்க்காரர் இல்லை, வேறு நாடு, உள்ளே கேட்டதற்காக உள்ளூரில் அவர் குடும்பத்தை யாரும் மிரட்டக்கூடாது என்று அப்படித்தான் அழைத்து வருவோம். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார், ஒரு சுளை நீட்டினார், வாங்கிக்கொண்டேன், சர்க்கரையாவது ஒன்றாவது. பத்து இருபதுக்கு மேஜர் வெளியே வந்தார். ஒல்லி, நாற்பது வயசு இருக்கும், இடது கண்ணில் பெரிய கண்கட்டி, பாதிக் கண் மூடியிருந்தது. நான் ஒப்பந்தத்தை நீட்டினேன். அதில் நான்கு நிபந்தனை, எந்த நாட்டுக்குப் போனாலும் எங்களுக்கு அந்த நான்குதான்: எல்லோரையும் பார்ப்போம், ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுவோம், பெயரை அவரவர் வாயால் கேட்டு எழுதுவோம், மறுபடியும் வருவோம். மேஜர் படித்தார், ஒற்றைக் கண்ணால் படிப்பதால் மெதுவாகப் படித்தார். "பாக்கறதுக்குப் பாருங்கம்மா. எழுதிக்கிங்க. அடுத்த மாசமும் வாங்க. ஆனா என் ஆளு ஒருத்தன் பக்கத்துல நிப்பான். தனியா பேச உட எனக்கு உத்தரவு இல்ல." துணை அமைச்சர் கையெழுத்தைக் காட்டினேன். "அது அமைச்சகம். நான் ராணுவம். சந்திப்புக்கு உடு, தனியா மட்டும் உடாதன்னுதான் எங்க பிரிகேடியர் சொல்லிருக்காரு." அவரைக் கூப்பிடுங்கள் என்றேன். "அரைமணி நேரம் குடுங்க, போன் போட்டுப் பாக்கறேன். கெடைக்கலன்னா நீங்க ஒரு முடிவு சொல்லுங்க, வர்றீங்களா, போறீங்களா." உள்ளே போய்விட்டார். அந்த அரைமணியில் இது பதினோராவது நிமிஷம்.

வர்றீங்களா, போறீங்களா. என்னிடம் இதே கேள்வியைப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் கேட்டார், இன்னொரு நாடு, மூடிக்கிடந்த ஒரு சிமெண்டு ஆலை, நான் அங்கே இல்லை, ஜெனீவாவில் ஏரி தெரிகிற ஜன்னலோரம் காப்பியும் கையுமாக இருந்தேன், போனில் கிழவர் அன்சேல்ம், அப்போது அங்கே குழுத் தலைவர். "மூணு குடுக்கறாங்க சலேத். தனியா பேசறது மட்டும் இல்லியாம். மூணையாச்சும் வாங்கிப்போமா?" சலேத்மேரி என்கிற நான், நாற்பது வயசு, அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது, சட்டப் புத்தகம் மொத்தமும் நுனி நாக்கில், மூன்று காலில் மேசை நிற்காது அன்சேல்ம், இங்கே விட்டுக்கொடுத்தால் நாளைக்கு இன்னும் ஒன்பது நாட்டில் அங்கே விட்டீர்களே என்பான், திரும்பி வாருங்கள், நான்கும் எழுத்தில் கிடைக்கும்வரை போகாதீர்கள் என்றேன். அதை அன்றே ஒரு குறிப்பாகவும் எழுதினேன், ஆறு பக்கம், ஒரு வார்த்தை அதிகம் இல்லை, மேலிடத்தில் கைகுலுக்கினார்கள். ஆறு வாரத்தில் நான்கும் எழுத்தில் கிடைத்தது. அன்சேல்ம் போனார். ஆலையைக் கழுவி விட்டிருந்தார்கள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அவர் அனுப்பிய அறிக்கையில் இரண்டே வரி இருந்தது: நான்கு நிபந்தனைகளும் நிறைவேற்றப்பட்டன, ஆட்கள் இல்லை. என்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, தொண்ணூறு என்றார்கள், நூற்றைம்பது என்றார்கள், பெயர் எழுதாதவர்களை எப்படித் தேடுவது, யாரைக் காணோம் என்று எந்த அரசாங்கத்திடம் போய்க் கேட்பது. நாங்கள் எழுதியிருந்தால் கேட்டிருக்கலாம். இந்த வேலையில் முப்பது வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரே ரகசியம் அதுதான், எழுதிய பெயரைக் காணாமல் அடிப்பது கஷ்டம், யாரோ ஒருத்தி மறுபடி மறுபடி வந்து அந்தப் பெயருக்குரிய ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பாள் என்கிற எரிச்சல் அவர்களுக்கு வந்துவிடும். அந்த எரிச்சலை உண்டாக்கத்தான் எனக்குச் சம்பளம். சட்டப்படி அன்றைக்கு நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. சரியாக இருந்துகொண்டே ஒரு கொலைக்கு வழி விட்டேனோ என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நீங்களே எழுதிருக்கீங்களே," என்கிறாள் இங்கெர் திரும்பாமல். எதை எழுதியிருக்கிறேன் என்று கேட்கவே வேண்டாம். அந்த ஆறு பக்கக் குறிப்பு இன்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாடம். மாதிரிக் குறிப்பு. உறுதியாக நிற்பது எப்படி என்பதற்கு உதாரணம். வருஷா வருஷம் நானே போய் அதை நடத்துகிறேன், இங்கெர் முதல் வரிசையில் உட்கார்ந்து அடிக்கோடு போட்டுப் படித்தவள், அதற்குப் பிறகு அந்த ஆலை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, கோழை. "ஆள் நின்னா நாம உள்ள போகக்கூடாது. பக்கத்துல காவல் நிக்கும்போது ஒருத்தன் வாயத் தொறந்தா, நாம போனப்பறம் அவனுக்கு என்னாகும்? நான் பாத்துருக்கேன்." அவள் பார்த்திருக்கிறாள். நானும் பார்த்திருக்கிறேன். விதி ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை, ஒரு ஊர்ச் சிறையில் காவலன் காதுபட, எங்களுக்குச் சாப்பாடு கிடைப்பதில்லை என்று சொன்ன ஒரு மனிதரை அடுத்த மாதம் போனபோது பார்த்தேன், முன்வாய்ப் பல் ஒன்றுகூட இல்லை, இந்தத் தடவை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார், சிரிக்க முயற்சி பண்ணினார். இங்கெர் சொல்வது சரி. அன்சேல்ம் சொன்னதும் சரி. உள்ளே போனால் அறுபத்து நான்கு பேர் பல்லுக்கு நான் ஜவாப்தாரி, போகாவிட்டால் அறுபத்து நான்கு பேருக்கும், அந்தப் பட்டியலில் இல்லாத மிச்சப் பேருக்கும். பதினைந்தாவது நிமிஷம். நேற்று குதித்தாயே சலேத்மேரி, இப்போது குதி பார்ப்போம். ஒரு வெள்ளாடு வந்து கேட்டின் கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொள்கிறது, அதற்கு எந்த நிபந்தனையும் இல்லை, இடுக்கில் தலையை நுழைத்து உள்ளே போய்விட்டது. "இங்கெர், இன்னிக்குத் திரும்பிப் போனா, அடுத்த தடவை வர்றப்ப உள்ள ஆள் இருக்குமா?" அவள் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்தத் தெரியாமைதான் என் பயம்.

ஏன் இந்த விதி, எதற்காக. பேசினால் அடிப்பான். எதைப் பேசினால். சாப்பாடு இல்லை, அடித்தார்கள், செத்துப்போனான், இதையெல்லாம் சொன்னால் அடிப்பான். பெயரைச் சொன்னால்? பெயரைச் சொன்னதற்கு யாரும் யாரையும் அடிக்க முடியாது, பெயர் அவனுக்கே தெரியுமே, மேஜர் கையில் பட்டியலே இருக்கிறதே. என் அப்பா காரைக்கால் நகராட்சியில் பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தா, பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன பழக்கத்தில் தடித் தடியாகப் பதிவேடு, பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வேன், பிள்ளை பெற்றவன் வருவான், கூட மச்சான் வருவான், வரிசையில் பத்து பேர், பக்கத்தில் பியூன் பீடி பிடித்துக்கொண்டு, நடுவில் அப்பா கேட்பார், பிள்ளை பேர் என்ன, தகப்பன் பேர் என்ன, எந்தத் தெரு. மூன்றே கேள்வி. யாரையும் வெளியே போகச் சொல்லமாட்டார். பெயர் ரகசியமில்லை. உடம்புக்கு என்ன வியாதி என்பது ரகசியம், அதற்கு டாக்டர் அறைக்குத் திரை போட்டிருக்கும், பதிவேட்டுக்கு எதற்குத் திரை. ஒப்பந்தத்தை மடியில் விரித்தேன். நான்கு நிபந்தனைகள். நான்கையும் ஒரே நாளில் நிறைவேற்ற வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியாதா, எங்கேயும் எழுதவில்லை. கைதியோடு உரையாடும்போது மூன்றாம் ஆள் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. சரி. உரையாடவே வேண்டாம். இன்றைக்கு ஒரு வார்த்தை பேச்சில்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கமாட்டோம். பெயர், தகப்பன் பெயர், ஊர். எழுதிக்கொண்டு எழுந்துவிடுவோம். விதி மீறப்படவில்லை, விட்டுக்கொடுக்கப்படவில்லை, அடுத்த மாதம் பேச்சுக்கு வரும்போது அதே விதி முழுசாக அங்கே நிற்கும். நாற்பது வயசு சலேத்மேரி இதைக் கேட்டிருந்தால் தந்திரம் என்று மூக்கைச் சுளித்திருப்பாள். சுளிக்கட்டும். தந்திரம்தான். வக்கீல் வேறு எதற்கு.

சொன்னேன். இங்கெர் இப்போது திரும்பினாள், முழுசாக. "நோயாளி ஒருத்தன் முனகுனா? யாராச்சும் அழுதா? அப்பவும் கேக்கமாட்டோமா?" கேட்கமாட்டோம் இங்கெர், கேட்டால் அவன் பதில் சொல்வான், சொன்னால் அவனுக்குத்தான் ஆபத்து, கண்ணால் பார்த்துக்கொள்வோம், அடுத்த மாதம் டாக்டரோடு வந்து கேட்போம். "அது கொடுமை." ஆமாம். கொடுமைதான். பிறகு அந்த ஆலையில் ஆறு வாரம் கழித்து என்ன இருந்தது என்பதை அவளிடம் சொன்னேன், சுண்ணாம்பு அடித்த சுவரையும் அன்சேல்மின் இரண்டு வரியையும், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, வெறும் நான்கு வாக்கியத்தில், இத்தனை சுலபமாகச் சொல்லிவிட முடியுமென்று தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். தாவூத் ஆரஞ்சுத் தோலைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இங்கெர் "அத ஏன் பாடத்துல சேக்கல?" என்றாள். வெட்கமாக இருந்தது என்றேன். "சேருங்க," என்றாள், கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். நானும் இறங்கினேன், முழங்கால் இரண்டும் நறநறவென்றன, மேஜர் காவல் அறை வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பிரிகேடியர் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார், நாளைக்கு எது கெட்டாலும் மேஜர் தலையில் விடியட்டும் என்று எங்கேயோ உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு கணம் எனக்கு அந்தக் கண்கட்டிக்காரர்மேல் பாவமாகக்கூட இருந்தது. "மேஜர், உங்களுக்கு ரெண்டு உத்தரவு. சந்திக்க விடணும்னு ஒண்ணு. தனியா பேச விடக்கூடாதுன்னு ஒண்ணு. ரெண்டுக்கும் நீங்க கீழ்ப்படியலாம். நாங்க இன்னிக்குப் பேசவே போறதில்ல. பேர் மட்டும். உங்க ஆள் நிக்கட்டும்." அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஒண்ணும் கேக்கமாட்டீங்களா?" பேர், தகப்பன் பேர், ஊர். "அவ்வளவுதானா?" அவ்வளவுதான். இங்கெரைப் பார்த்தார், அவள் தலையை ஆட்டினாள். மேஜர் பெருமூச்சு விட்டது எனக்கு நன்றாகக் கேட்டது, பரீட்சை ஒத்திப்போன பையன் விடுகிற மாதிரி. "அப்ப ரூமெல்லாம் எதுக்கு, வெட்டவெளியில வச்சுக்கிங்க, என் கண்ணுக்கு நேரா." தாராளமாக, என்றேன். கேட் திறந்தது.

பதினோரு வருஷமாக மனசுக்குள் நான் போய் வந்த இடம், வரைபடத்திலும் வானத்திலிருந்து எடுத்த படத்திலும் பார்த்துப் பார்த்து எத்தனை கட்டடம் எத்தனை மரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், காலால் மிதிக்கும்போது வெறும் புழுதி, காலணிக்குள் ஏறுகிற சாதாரணப் புழுதி. முற்றத்தின் நடுவில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. இடது பக்கம் நீளமான ஓட்டுக் கட்டடம். வலது பக்கம் இருபது அடி தள்ளி விதைக் கிடங்கு, ஜன்னல் கிடையாது, உயரத்தில் கம்பி போட்ட காற்றுத் துவாரம் நான்கு, இரும்புக் கதவு, அதில் என்ன என்று கேட்டதற்கு மேஜர் விதை என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு இன்றைக்கு அனுமதி இல்லை, நானே போட்டுக்கொண்ட விலங்கு. ஓட்டுக் கட்டடத்திலிருந்து முதல் ஆளை அழைத்து வந்தார்கள். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். கால் கட்டைவிரலில் நகம் இல்லை. நான் கேட்கவில்லை. தாவூத் நல்ல உரத்த குரலில் கேட்டார், உங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர். அந்த மனிதர் காவலனைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். சொன்னார். என்ன பெயர் என்று இங்கே மனசுக்குள்கூடச் சொல்லமாட்டேன், விதி விதிதான், ஆனால் எழுதினேன், தலைமை அலுவலகத்து வக்கீல் பெயர் எழுதுவது வழக்கமில்லை, அது குழுவின் வேலை, யார் தடுப்பார்கள் பார்க்கலாம், ஒன்று என்று எண் போட்டு என் கையாலேயே எழுதினேன். அடடா, என்ன சந்தோஷம். ஜெயித்தேன் அமலி, ஒரு கேஸ். அடுத்தவர். அடுத்தவர். சொல்லும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள், தகப்பன் பெயரைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம். ஒரு பையனுக்கு ஊர்ப் பெயர் சொல்லும்போது குரல் உடைந்தது, இங்கெர் பல்லைக் கடித்துக்கொண்டு காகிதத்தையே பார்த்தாள். முப்பது. ஐம்பது. கை வலித்தது, இன்னும் வலிக்கட்டும். அறுபத்து நான்காவது ஒரு வயசானவர், பட்டியலில் கடைசி, எழுதி முடித்துக் கோடு போட்டேன். மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சுதா?" முடிந்தது என்று வாய் சொன்னது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சப் பேர் எங்கே என்று கேட்க முடியாதபடி என் வாயை நானே கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், அறுபத்து நான்கு போதும் என்று ஊர் போய்ச் சேரு, இங்கேயும் இன்று இரவே சுண்ணாம்பு அடித்தாலும் அடிப்பார்கள். எழுந்திருக்க மேசையைப் பிடித்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. உயரத்திலிருந்து வந்தது, கிடங்கின் முதல் காற்றுத் துவாரத்திலிருந்து, ஒரு பெயர். கொஞ்சம் நிறுத்தி, தகப்பன் பெயர். கொஞ்சம் நிறுத்தி, ஊர். நாங்கள் கேட்ட அதே மூன்று, அதே வரிசை. தாவூத் அப்படியே நின்றுவிட்டார். ஒன்றரை மணி நேரமாக அவர் கேட்டதும் இவர்கள் சொன்னதும் இருபது அடி தள்ளி அந்தச் சுவருக்குள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நான்கும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் கதவு சாத்திய ஒரு அறைக்குள் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிவிட்டுப் போயிருப்போம், அவர்களுக்கு ஒரு எழுத்து கேட்டிருக்காது. இரண்டாவது துவாரத்திலிருந்து இன்னொரு குரல், கிழட்டுக் குரல். பெயர், தகப்பன், ஊர். பிறகு இரண்டு பேர் சேர்ந்து. பிறகு கிடங்கு முழுக்க, ஒருவர் பெயர்மேல் ஒருவர் பெயர் விழுந்து, ஊர் ஊராக, தகப்பன் தகப்பனாக, முற்றமே அதிர்ந்தது, காவலுக்கு நின்ற சிப்பாய் தரையைப் பார்த்துக்கொண்டான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு இங்கெர் சொன்னாள். மேஜரைப் பார்த்தேன். அவர் கை இடுப்புத் துப்பாக்கிப் பக்கம் போகும் என்று பயந்தேன், அது போனில்தான் போய் நின்றது, அதுவும் சும்மா நின்றது. பேச்சு கூடாது என்பது அவருக்கு உத்தரவு. அங்கே யாரும் பேசவில்லையே. பெயர் மட்டும்தானே சொல்கிறார்கள், அதற்கு அவரே ஒப்புக்கொண்டதுதானே. நான் மறுபடி உட்கார்ந்தேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு, பதிவேட்டு ஆபீசில் வரிசை கலைந்தால் குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி சொன்னேன். "மேஜர், எல்லாரும் ஒண்ணா சொன்னா என்னால எழுத முடியல." அவர் என்னைப் பார்த்தார். விதைக்கு ஏதம்மா பேரு என்று அவர் சொல்லியிருக்கலாம். வண்டியில் ஏறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வீங்கின கண்ணைப் புறங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டார், தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கினார், கிடங்கின் பக்கம் திரும்பி நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார்: "ஒவ்வொருத்தரா சொல்லுங்க!" பதினோரு வருஷமாக அங்கே ஆளே இல்லை என்று சொல்லிவந்த அரசாங்கம், மூன்று சாட்சிகள் முன்னால், அந்த ஆட்களைப் பார்த்து வரிசையாகச் சொல்லச் சொன்னது. சத்தம் அடங்கியது. உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் புதுத் தாள் எடுத்து அறுபத்தைந்து என்று எண் போட்டேன்.